ஏசி அறை ஜன்னல் விடிகாலையில் வியர்க்கிறது: கண்ணாடிக் கோளாறா, ஏசி கோளாறா?

மடிப்பாக்கம்வாசி:
சென்னை, இரண்டாவது மாடி. படுக்கையறை ஏசி இரவு முழுக்க 19-இல் ஓடுகிறது (வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் வைத்தால் தூக்கம் வராது). விடிகாலையில் ஜன்னல் கண்ணாடி புகை படிந்த மாதிரி இருக்கிறது. அப்புறம் கோடு கோடாகத் தண்ணீர் இறங்கி, மரச்சட்டத்தின் அடிக்கட்டை ஊறி, ஜன்னலைச் சாத்தவே முடியவில்லை. கண்ணாடிக்காரர் சிலிகான் அடித்து 1,800 ரூபாய் வாங்கிப் போனார், பலனில்லை. ஏசி மெக்கானிக் கேஸ் குறைந்துவிட்டது என்கிறார். போதாததற்கு, ஹால் பக்கச் சுவரில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள். யாராவது வழி சொல்லுங்கள்.

குளிர்பெட்டி:
அறைக்குள் நின்று கண்ணாடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுகிறதா?

மடிப்பாக்கம்வாசி:
விழவில்லை. ஈரம் வெளிப்பக்கம்தான்.

குளிர்பெட்டி:
அப்படியென்றால் எதுவும் ஒழுகவில்லை மேடம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வெளியே வியர்க்குமே, அதே கதை. ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குவதும் இதுதான்.

கணக்கு இப்படி: இரவில் வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 25. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பொருள் மேல் பட்டாலும் காற்றிலுள்ள ஆவி தண்ணீராகிவிடும். உள்ளே 19 வைத்தால் ஒற்றைக் கண்ணாடியின் வெளிமுகம் 23, 24-க்கு இறங்கிவிடுகிறது. பகலில் வெயில் கண்ணாடியைச் சூடாக்குவதால் தெரிவதில்லை. உள்பக்கம் ஏன் காய்ந்திருக்கிறது? ஏசி அறையின் ஈரத்தை உறிஞ்சி டிரெயின் பைப் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது.

ஹால் சுவரும் இதே கதைதான். அந்தப் பக்கம் ஏசி இல்லை, சுவர் குளிர்ந்திருக்கிறது, ஸ்டாண்ட் காற்றை மறைக்கிறது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

ஏசி கேஸ் பற்றி ஒரு வார்த்தை. கேஸ் குறைந்தால் அறை சரியாகக் குளிராது. கண்ணாடி இப்படி வியர்க்கிறது என்றால் ஏசி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். காசு கொடுத்துவிடாதீர்கள்.

ஈரமில்லா வீடு:
காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கி அறையில் வையுங்கள், சரியாகிவிடும்.

குளிர்பெட்டி:
ஈரம் ஊர்க் காற்றில் இருக்கிறது சார். அறைக்குள் வைத்து என்ன பயன்?

ஸ்காபரோ யன்னல்:
அக்கா, எங்களுக்கு இங்கே கனடாவில் நேர் எதிர். குளிர்காலத்தில் யன்னலின் உள்பக்கம்தான் தண்ணீர். சோறு அவிக்கிற ஆவி, குளிக்கிற ஆவி எல்லாம் பூட்டின வீட்டுக்குள்ளேயே நிற்கும். வெளியே மைனஸ் 20 போனால் உள்ளே ஈரப்பதனை 30 சதவீதத்துக்குக் கிட்ட வைத்திருக்கச் சொல்லுவினம். தடித்த திரைச்சீலையை இரவில் மூடினால் இன்னும் மோசம். வீட்டுச் சூடு கண்ணாடிக்குப் போகாது.

குளிர்பெட்டி:
அருமை. சென்னையில் அதையே திருப்பிப் போடலாம். உள்ளே கனமான திரை போட்டால் அறையின் குளிர் கண்ணாடியை அண்டாது, வெளிமுகம் அவ்வளவாக வியர்க்காது. இரட்டைக் கண்ணாடியும் உதவும், ஆனால் செலவு அதிகம். முதலில் 25 வைத்து ஃபேனைப் போடுங்கள். 2020 ஜனவரியிலிருந்து அறை ஏசிகளுக்கு 24-தான் இயல்பு அமைப்பு (ஆன் செய்ததும் தானாக வரும் அளவு) என்று விதியே உண்டு. ஏசி காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

மடிப்பாக்கம்வாசி:
பத்து நாள் கழித்து வருகிறேன். 25-க்கு வீட்டில் பெரிய போராட்டம். கடைசியில் 24-உம் ஃபேனும் என்று சமாதானமானோம். திரையும் போட்டாயிற்று. காலை ஆறு மணிக்குப் பார்த்தால் கண்ணாடி காய்ந்திருக்கிறது, ஏசி காற்று படும் வலது மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மங்கல். ஸ்விங்கை இன்று மாற்றிவிட்டேன். செருப்பு ஸ்டாண்டையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஊறிய அடிக்கட்டையை இப்போதே இழைக்கச் சொல்லலாமா?

குளிர்பெட்டி:
வேண்டாம். ஈரக்கட்டையை இழைத்தால் காய்ந்தபிறகு சுருங்கி இடைவெளி விழும். நல்ல வெயிலில் சில வாரம் காயட்டும். அப்புறமும் பிடித்தால் தச்சரைக் கூப்பிடுங்கள்.