ரிடையர் ஆன அப்பாவுக்கு கத்துக்க நம்ம பக்கத்துல என்ன இருக்கு? (வட சென்னை, கொருக்குப்பேட்டை)

கொருக்குப்பேட்டை மக:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில ஷெல் டிவிஷன்ல வெல்டரா 36 வருஷம் வேலை பார்த்துட்டு போன ஜூன்ல ரிடையர் ஆனாரு. மொதல் ரெண்டு மாசம் வீட்டுக்கு பெயின்ட் அடிச்சாரு, மாடியில டேங்க் பைப்ப மாத்துனாரு, தெருவுல யார் வீட்டு கேட்டு உடைஞ்சாலும் போய் நின்னாரு. இப்ப அதுவும் தீர்ந்து போச்சு. காலைல 4 மணிக்கே முழிப்பு வந்துடுது, ஷிஃப்ட்டுக்கு கிளம்புற மாதிரி குளிச்சு சட்டைய மாட்டிக்கிட்டு வாசப்படியில உக்காந்துக்குறாரு, அத பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயித்த பிசையுது.

நான்தான் அவசரப்பட்டு பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல 4500 ரூபா கட்டி சேர்த்து விட்டேன். எல்லாம் காலேஜ் பசங்க, சொல்லிக்குடுக்குற பையன் பாவம் வேகமா போயிட்டே இருந்திருக்கான். அப்பாவுக்கு விரல் எல்லாம் காய்ச்சு போய் கிடக்கு, டபுள் கிளிக் வரவே இல்ல, ஒரு தடவ அமுக்குறதுக்கும் அடுத்த தடவ அமுக்குறதுக்கும் நடுவுல மவுஸ் நகர்ந்துடுது. மூணாவது நாள் வந்து "இது நமக்கு வேணாம்மா"ன்னு மட்டும் சொன்னாரு, வேற ஒண்ணும் சொல்லல. காசும் திரும்ப வரல. காசு போனத விட அவர் அப்படி சொன்னதுதான் எனக்கு தாங்கல.

எஸ்எஸ்எல்சி முடிச்சு ஐடிஐ படிச்சவரு. பேப்பர ஒரு வரி விடாம படிப்பாரு. திருவொற்றியூர் கோயிலுக்கு போனா சாமி கும்பிட்டுட்டு பிரகாரத்து சுவர்ல இருக்குற எழுத்த விரலால தடவிக்கிட்டே நிப்பாரு, "இது தமிழ் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு"ன்னு சொல்லுவாரு. தேடிப் பார்த்தா எல்லா வகுப்பும் தென் சென்னையில தரமணி, கோட்டூர்புரம், அடையாறுன்னே வருது, நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ராயபுரம் டீச்சர்:

அம்மாடி, நானும் ரிடையர் ஆனவதான், 67 வயசு, கார்ப்பரேஷன் ஸ்கூல்ல இருந்தேன். மொதல்ல ஒண்ணு சொல்றேன், அப்பா "வேணாம்"னு சொன்னது படிப்ப இல்ல, பசங்க முன்னாடி தடுமாறுறதத்தான். அந்த டபுள் கிளிக் விஷயத்துக்கு வழி இருக்கு, ஒரு தடவ கிளிக் பண்ணிட்டு என்டர் தட்டுனா போதும், அதே வேலைய செய்யும். செட்டிங்ஸ்ல மவுஸ்ல போயி டபுள் கிளிக் வேகத்த குறைச்சும் வைக்கலாம். இத அந்த பையன் மொத நாளே சொல்லியிருக்கணும்.

படிப்புன்னு பார்த்தா, இக்னோன்னு சொல்ற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல மேல் வயசு வரம்பு கிடையாது. சைதாப்பேட்டையில இருக்குற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சேப்பாக்கத்துல மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட தொலைதூரக் கல்வி நிறுவனம் இதெல்லாமும் இருக்கு. ஆனா எடுத்ததும் டிகிரியில சேர்க்காதீங்க, மூணு வருஷம்னு சொன்னாலே மலைச்சுப் போயிடும். ஸ்வயம், என்பிடிஇஎல்னு நெட்ல பாடம் நடத்துற அரசு தளங்க இருக்கு, ரெண்டுலயும் பாடம் பார்க்க காசு இல்ல, சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் பரீட்சைக்கு பணம் கட்டணும். சில பாடங்களுக்கு தமிழ்ல எழுத்து வடிவமும் போட்டிருக்காங்க, ஐஐடி வாத்தியாருங்க நடத்துற வெல்டிங் பாடமே இருக்கு, அத ஒரு மணி நேரம் போட்டுக் காட்டுங்க, தான் 36 வருஷம் கையால செஞ்சத போர்டுல எழுதி சொல்றாங்கன்னு பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

தூரத்துக்கு பயப்படாதீங்க. 60 முடிஞ்சவங்களுக்கு எம்டிசி பஸ்ல மாசம் 10 டோக்கன் இலவசம், ஆறு மாசத்துக்கு சேர்த்துக் குடுப்பாங்க, ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ எடுத்துக்கிட்டு டிப்போவுல கேளுங்க. கிளாஸ் எதுவா இருந்தாலும் சேர்க்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட போயி உக்காந்து பாருங்க. ஃபேன் சத்தத்துல வாத்தியார் குரல் கேக்குதா, போர்டு எழுத்து தெரியுதா, மாடிப்படி எத்தன, பாத்ரூம் எங்க இருக்கு. இந்த நாலும் சரியில்லன்னா எவ்ளோ நல்ல வகுப்பா இருந்தாலும் நம்ம வயசுக்காரங்க நின்னுடுவாங்க.

இன்னொண்ணு, அவர் கத்துக்குற ஆளா மட்டும் இருக்கணும்னு இல்ல. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022ல இருந்து நடக்குது, 15 வயசுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு தன்னார்வலர்கள் சொல்லிக்குடுக்குறது. நான் காசிமேட்டுல சாயங்காலம் ஒரு மணி நேரம் எடுக்குறேன். மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க, 63 வயசு, கணக்கெல்லாம் மனசுலயே பின்னி எடுப்பாங்க ஆனா எழுத்து தெரியாது. பென்சில கத்தி பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிச்சு பிடிச்சு நாலு பேப்பர் கிழிஞ்சுது. அஞ்சாவது வாரம் தன் பேர எழுதிட்டு அந்த பேப்பர மடிச்சு சுருக்குப் பையில வச்சுக்கிட்டு போனாங்க. அடுத்த நாள் பேங்க்ல கைநாட்டு வைக்காம கையெழுத்து போட்டேன் டீச்சர்னு வந்து நின்னாங்க. உங்க அப்பா பேப்பர வரி விடாம படிக்கிறவர்னா அவரால இத செய்ய முடியும், பக்கத்து அரசுப் பள்ளியில ஹெச்எம்ம கேளுங்க.

காசிமேடு தம்பி:

அக்கா நான் படிச்சவன் இல்ல, ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க நைனா 64 வயசுல மீன் பிடிக்க போட்டுக்கு போறத நிறுத்திட்டாரு, ஆனா கடல பத்தி தெரிஞ்சிக்காம இருக்க முடியாது அவரால. ஹைதராபாத்ல இருந்து இன்காய்ஸ்னு கடல் தகவல் சொல்ற அரசு மையம் குடுக்குற அலை எச்சரிக்கை, எங்க மீன் கிடைக்கும்ங்குற தகவல் எல்லாம் போன்ல வருதுல்ல, அத பார்க்க கத்துக்கணும்னாரு. நான் சொல்லிக்குடுத்தேன், ரெண்டே நாள்ல "எத்தினி வாட்டி சொல்றது"ன்னு கத்திட்டேன், அவரு போன கவுத்து வச்சிட்டாரு. அப்பால என் பொண்ணு, அஞ்சாவது படிக்குது, டெய்லி நைட்டு சாப்ட்டதும் தாத்தா கூட அரை மணி நேரம் உக்காந்துச்சு. ஒரு மாசத்துல இப்ப நைனாதான் காலைல கிளம்புற பசங்களுக்கு காத்து எந்தப் பக்கம், அலை எத்தினி மீட்டர்னு சொல்லி அனுப்புறாரு. வீட்டுல சொல்லிக்குடுக்குறதா இருந்தா பொறுமை இருக்குற ஆளா பார்த்து குடுங்கக்கா, பெத்த புள்ளைங்களுக்கு அது கொஞ்சம் கம்மிதான்.

பழைய கம்பாசிட்டர்:

மகளே, பிராட்வே பக்கம் அச்சகத்துல 29 வருஷம் எழுத்து கோத்தவன் நான். ஈய எழுத்து போயி கம்ப்யூட்டர் வந்தப்ப கை வெறுமையா போன மாதிரி இருந்தது, அதனால உங்க அப்பா நெலம எனக்கு நல்லா புரியுது. 61 வயசுல, கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கிற தமிழ்99 கீபோர்டு கத்துக்கிட்டேன். இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு பெரும்பாலும் மெய். 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ அவ்வளவுதான், நடுவுல புள்ளி தானா விழுந்துடும். மூணு வாரம் தினமும் ஒரு மணி நேரம், எழுத்துப் பெட்டியில கை தானா அந்தந்த அறைக்கு போகுமே, அதே மாதிரி விரல் போக ஆரம்பிச்சிடுச்சு.

கத்துக்கிட்டத எங்க செலவு பண்றதுன்னு கேட்டீங்கன்னா, தமிழ் விக்கிமூலம்னு நெட்ல இருக்குற இலவச நூலகத்த பாருங்க. நாட்டுடைமை ஆன நூல்கள ஸ்கேன் பண்ணி இரண்டாயிரத்துக்கும் மேல ஏத்தி வச்சிருக்காங்க, மெஷின் படிச்ச எழுத்துல பிழை நெறைய இருக்கும், இடது பக்கம் எழுத்து வலது பக்கம் பக்கத்தோட படம், பார்த்துப் பார்த்து திருத்தணும். வயசு கேக்க மாட்டாங்க, நேரம் கேக்க மாட்டாங்க, விடியகாலை 4 மணிக்கு முழிச்சவனுக்கு அத விட நல்ல வேலை எனக்கு தெரியல. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகமும் இலவசம். உங்க அப்பாவுக்கு டைப்பிங் வேணும்னா ஞாயித்துக்கிழம மண்ணடிக்கு கூட்டிட்டு வாங்க, நான் சொல்லித் தரேன், காசெல்லாம் வேணாம்.

காலடிப்பேட்டை கல்வெட்டு:

எல்லாரும் நல்லா சொன்னாங்க, ஆனா ஒரு வரிய யாரும் கவனிக்கல சிஸ்டர். சுவர்ல இருக்குற எழுத்த தடவிக்கிட்டு நிக்கிறாருன்னு எழுதியிருக்கீங்களே, பதில் அதுலயே இருக்கு. நானும் பேங்க்ல கிளார்க்கா இருந்து வெளிய வந்த பிறகுதான் கல்வெட்டு படிக்க ஆரம்பிச்சேன்.

"தமிழ் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு"ன்னு அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. சோழர் காலத்து எழுத்துல பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டாங்க, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும், அதனால 'காடு'ன்னு வெட்டியிருந்தா 'கரடு'ன்னும் படிக்கலாம், அடுத்த சொல்ல வச்சுதான் முடிவு பண்ணணும். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் வித்தியாசமும் இருக்காது. நடுநடுவுல சமஸ்கிருத சொல்லுங்கள எழுதுற கிரந்த எழுத்து வரும், ஆரம்பத்துல வர்ற 'ஸ்வஸ்திஸ்ரீ'யே கிரந்தம்தான். அதத் தாண்டி மெய்க்கீர்த்தியோட, அதாவது ராஜாவோட புகழ சொல்ற தொடக்க வரிகளோட, மொதல் சொல்ல பிடிச்சிட்டா ராஜா யாருன்னு தெரிஞ்சிடும். 'திருமகள் போல'ன்னு ஆரம்பிச்சா ராஜராஜன், 'திருமன்னி வளர'ன்னா ராஜேந்திரன், 'புகழ்மாது விளங்க'ன்னா குலோத்துங்கன். 'கச்சியும் தஞ்சையும் கொண்ட'ன்னு வந்தா அது ராஷ்டிரகூட ராஜா கன்னரதேவன், அவரோட கல்வெட்டும் நம்ம ஒற்றியூர்ல இருக்கு.

நம்ம பக்கம் ஒண்ணுமே இல்லன்னு சொல்லாதீங்க, எனக்கு அதுதான் கொஞ்சம் வருத்தம். ராஜேந்திரன் காலத்துல கருங்கல்லுல கருவறை மேல எழுப்புன விமானம் நம்ம திருவொற்றியூர் கோயில்ல இருக்கு, கட்டுன தச்சன் ரவியோட பேரையே கல்வெட்டுல வெட்டியிருக்காங்க. வியாகரண தான மண்டபம்னு, இலக்கணம் சொல்லிக்குடுக்கவே ஒரு மண்டபம் இங்க இருந்ததும் கல்வெட்டுல இருக்கு. விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ 2021லயே வந்துடுச்சு, தேரடி ஸ்டேஷன்ல எறங்குனா நடந்துடலாம்.

மொறையா படிக்கணும்னா தரமணியில உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் கல்வெட்டு, ஓலைச்சுவடி பட்டய வகுப்பு நடத்துறாங்க, அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்கணும். கொருக்குப்பேட்டையில லோக்கல் ட்ரெயின் பிடிச்சு பீச் போயி அங்க இருந்து பறக்கும் ரயில்ல தரமணி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு ஆறு மாசம் நம்ம கோயில் சுவரே போதும். கல்லு மேல சாக்பீஸ், மாவு, விபூதி எதுவும் பூசக்கூடாது, கல்லு கெட்டுடும். சாயங்காலம் டார்ச்ச சுவருக்கு பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சா வெட்டு நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். ஒரு வரிய நோட்டுல அப்படியே வரையச் சொல்லுங்க, படிக்க வேணாம், மொதல்ல வரையட்டும்.

வயசாயிடுச்சுன்னு சொன்னாருன்னா ஐராவதம் மகாதேவன் ஐயாவ சொல்லுங்க. அரசு வேலையில இருந்துக்கிட்டே தமிழ்ப் பிராமிங்குற ரொம்பப் பழைய தமிழ் எழுத்த படிச்சவரு, அந்த ஆராய்ச்சி பெரிய புஸ்தகமா 2003ல வந்தப்ப அவருக்கு வயசு 70 தாண்டிடுச்சு.

கொருக்குப்பேட்டை மக:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. டீச்சர் அம்மா, டோக்கன் வாங்கியாச்சு. கம்பாசிட்டர் ஐயா, அப்பாகிட்ட உங்க பதில வாசிச்சுக் காட்டுனேன், "ஈய எழுத்தா, மூக்குல ஏறுமே அந்த நெடி"ன்னாரு, கண்டிப்பா வர்றோம். தம்பி, நீங்க சொன்னது என்னையும் சேர்த்துதான்னு புரிஞ்சுது, என் பையன்கிட்ட ஒப்படைச்சிட்டேன்.

நேத்து சாயங்காலம் திருவொற்றியூர் போனோம். டார்ச்ச சாய்ச்சு அடிக்கணும்னு நான் சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள அவரே சாய்ச்சுப் பிடிச்சிட்டாரு. எப்படிப்பா தெரியும்னேன். "வெல்டிங்ல விரிசல் இருக்கான்னு இப்படித்தாம்மா பார்ப்போம், நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது"ன்னாரு. முக்கால் மணி நேரம் ஒரே எடத்துல நின்னு ஒன்றரை வரி வரைஞ்சாரு. உளி எந்தப் பக்கத்துல இருந்து எறங்கியிருக்கு, எங்க கை நடுங்கியிருக்குன்னு எனக்கு காட்டிக்கிட்டே வந்தாரு. நட சாத்துற நேரம் வந்ததும்தான் கிளம்புனோம்.

காலடிப்பேட்டை அண்ணா, அந்த ஒன்றரை வரிய போட்டோ எடுத்து கீழ போட்டிருக்கேன். மூணாவது எழுத்து 'ர'வா துணைக்காலான்னு அப்பா கேக்குறாரு. ராத்திரி ரெண்டு தடவ எழுந்து வந்து பதில் வந்துச்சான்னு கேட்டுட்டாரு.