மன்னவனூர் பனியில் தொட்டி அத்திக்கன்றுகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். மதுரையில் எங்கள் மாடியில் குச்சி நட்டு வேர்பிடித்த சீமை அத்திக் கன்றுகள் இப்போது கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் அக்கா வீட்டில் இருக்கின்றன. மார்கழி, தையில் அங்கே உறைபனி விழும். விடிகாலையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். வளர்ந்த அத்தி தாங்கிவிடும். தொட்டியில் இருக்கிற இளங்கன்றின் வேருக்குத் தரைச்சூடு கிடைக்காதே, அதுதான் கவலை. நுனிக்குருத்து கறுக்க ஆரம்பித்துவிட்டது.

குளிர்நாடுகளில் இலை கொட்டியபின் 5 டிகிரி வாக்கில் உள்ள இருட்டறையில் வைத்து, வேர் காய்ந்துபோகாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுவார்கள். மேல்மலையில் பகல் வெயில் நன்றாக அடிப்பதால் இலை முழுசாகக் கொட்டவில்லை. பச்சை இலையோடு கிழங்குக் கொட்டகையில் அடைக்கலாமா? ராத்திரி மட்டும் உள்ளே தூக்கி வைத்தால் போதுமா? தண்ணீர் எவ்வளவு விடணும்? அந்தப் பக்கம் அத்தி வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.