வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலை எங்கே கொடுப்பது? கடலூரில் என் அனுபவம்

2015 வெள்ளத்தில் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டிவிட்டோம். சுவரில் படிந்த கறுப்புக் கோடு மட்டும் போகவில்லை. அம்மா சோப்பு போட்டுத் தேய்க்கத் தேய்க்க, பிசுபிசுவென்று இன்னும் அகலமாக இழுத்தது. முகர்ந்து பார்த்தேன், எஞ்சின் ஆயில். தெருமுனை மெக்கானிக் கடையின் பின்பக்கம் ஒரு பேரல் மூடியில்லாமல் நிறைந்தே கிடக்கும். வெள்ளம் அதைக் கொண்டுவந்து தெரு முழுக்கப் பூசிவிட்டது.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பைக்குக்கு நானே ஆயில் மாற்றுவேன். எஞ்சின் அடியில் ஆயில் வடிக்கிற போல்ட்டைக் கழற்றி, பழைய பேசினில் பிடித்து, வேப்பமரத்தடியில் குழி வெட்டி ஊற்றிவிடுவேன். எங்கள் பக்கம் மணல் பூமி, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும். அந்தக் குழிக்குப் பத்தடி தள்ளித்தான் கைப்பம்பு. பழைய ஆயிலில் வெறும் எண்ணெய் மட்டுமா இருக்கிறது? எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகள், கரி, எரியாமல் தங்கிய பெட்ரோல் எல்லாம் அதில் உண்டு. அந்தச் சுவரைப் பார்த்த பிறகு குழி வெட்டுவதை விட்டுவிட்டேன். ஐந்து லிட்டர் கேனில் சேர்க்க ஆரம்பித்தேன்.

சேர்த்ததை யாரிடம் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. எதிர்வீட்டில் வேலை செய்த சென்ட்ரிங் மேஸ்திரி, "குடுங்க சார், பலகையில தடவுனா கான்கிரீட் ஒட்டாது" என்று கேட்டார். நல்லதுதானே என்று இரண்டு முறை கொடுத்தேன். அப்புறம் ஒரு நாள் மழை. அடுக்கி வைத்திருந்த பலகைகளிலிருந்து வானவில் நிறத்தில் வழிந்து நேராகச் சாக்கடைக்குப் போனது. அதோடு நிறுத்திவிட்டேன்.

முதுநகர் துறைமுகத்தில் ஒரு பெரியவர் தன் படகு எஞ்சினின் பழைய ஆயிலைத் தகர டப்பாக்களில் ஊற்றி மூடி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "தண்ணியில ஊத்துனா திரும்ப நம்ம வலைக்குத்தான் தம்பி வரும். மண்ணெண்ணெய் நாத்தம் அடிக்கிற மீனை எவன் வாங்குவான்?" என்றார். எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

கடைசியில் புதுச்சேரியில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்கிறார்கள் என்று தெரிந்து கேனோடு போனேன். அங்கிருந்த பையன் மூடியைத் திறந்து, "கூலன்ட், தண்ணி எதுவும் கலக்கலையே அண்ணா?" என்றான். கலந்திருந்தேன். எஞ்சின் சூட்டைத் தணிக்கிற திரவம்தான் கூலன்ட்; காரிலிருந்து வடித்த அதையும் அதே கேனில்தான் ஊற்றியிருந்தேன். வாங்க மறுத்துவிட்டார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது, இப்போது அவன் செய்தது சரி என்கிறேன். பழைய ஆயிலைச் சுத்தம் செய்து, காய்ச்சி வடித்து, மறுபடியும் புது ஆயிலுக்கு மூலப்பொருளாக்க முடியும். ஒரு கேன் கூலன்ட் கலந்தால் பேரல் முழுக்கப் பாழ். சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2016 அபாயக் கழிவு விதிகளின்படி, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் பழைய ஆயில் போய்ச் சேர வேண்டும். செங்கல் சூளையில் எரிக்கப் போகக் கூடாது. அதனால் யார் எடுத்துக்கொண்டாலும், எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

இப்போது என்னிடம் மூன்று கேன் இருக்கிறது. ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் என்று பெயிண்டால் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத பரணில் வைத்திருக்கிறேன். கூலன்ட் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். அது இனிக்கும், தெருநாய் நக்கிவிடும், சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். தரையில் சிந்தினால் உடனே மரத்தூள் கொட்டி வாரிவிடுங்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்தால் அதிலிருந்தும் கொஞ்சம் ஆயில் வடியும். பழைய பேட்டரியைப் புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறார்கள்.

தெருமுனை மெக்கானிக் கடையை இப்போது அந்தக் கடைக்காரரின் மகன் நடத்துகிறான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வருகிறது என்றதும், ஆயில் பேரலைப் பத்திரப்படுத்தலாமா என்று நானே போய்க் கேட்டேன். "வாங்கண்ணே, ஒரு கை பிடிங்க" என்றான். பேரலுக்கு மூடி போட்டு இறுக்கி, உள்ளே இருந்த சிமென்ட் மேடையில் ஏற்றி, ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் கட்டினோம். அன்று ராத்திரி தெருவில் தண்ணீர் ஏறியது. காலையில் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். மேடைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது, கலங்கலாக, செம்மண் நிறத்தில்.