பாலே, ஓபராவுக்கு டிரஸ், மேடை டிசைன்: லண்டனுக்குப் புதுசா வந்த நம்ம வேலூர் பக்கத்து ஆளுங்களுக்கு

குடியாத்தத்துலேருந்து ஒரு தங்கச்சி கேட்டது: "அக்கா, வீட்டுக்காரர் வேலை விசாவுல வந்தாரு, நான் டிபெண்டன்ட். ஊர்ல ஃபேஷன் டிப்ளமோ முடிச்சேன், நாலு வருசம் பிளவுஸ் தச்சேன். இங்க பாலே, ஓபராவுக்கு டிசைன் பண்றாங்களே, அதுக்குள்ள போக முடியுமா? இல்ல கடையில பில் போட்டுகினே இருந்துடணுமா?"

முடியும்மா. நானும் ஆரணிக்காரிதான், உன்ன மாதிரி டிபெண்டன்டாதான் வந்தேன், இப்ப சின்ன ஓபரா கம்பெனிங்களுக்கு டிசைன் பண்றேன், அதனால தெரிஞ்சத முழுசா சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படி.

பாலேன்னா ஆடியே கதை சொல்றது, ஓபரான்னா பாடியே கதை சொல்றது. முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ, டிசைனர் வேற, தைக்கிறவங்க வேற. டிசைனர் டைரக்டர் கூடவோ, டான்ஸ் அமைக்கிறவங்க கூடவோ உக்காந்து பேசி, இசைய திரும்பத் திரும்பக் கேட்டு, வரைஞ்சு, மேடைக்கு மாடல் பண்ணிக் குடுப்பாங்க. அப்புறம் துணி வெட்டுற கட்டர், தைக்கிற மேக்கர், சாயம் போடுறவங்க, விக் பண்றவங்கன்னு தனித்தனி ஆளு. நீ நேரா டிசைனர்னு போய் கதவத் தட்டாத. தையல் ரூம்ல நுழைஞ்சிடு, அங்க உனக்கு ஏற்கெனவே பாதி வேலை தெரியும்.

எப்படின்னா, நம்ம ஊர் டெய்லர்கிட்ட "அண்ணா, உள்ள துணி விட்டு தைங்க"ன்னு சொல்லுவோம்ல? பிளவுஸுக்குள்ள ரெண்டு மூணு வரிசை தையல் இருக்கும், உடம்பு போட்டா ஒண்ண பிரிச்சு விட்டுக்கலாம். ஓபரா டிரஸ்ஸும் அதே கணக்குதான். ஒரு ஓபராவ இந்த வருசம் போட்டு, மூணு வருசம் கழிச்சு வேற பாடகிய வச்சு திரும்பப் போடுவாங்க, அதே டிரஸ் அந்தப் புதுப் பாடகிக்கும் சேரணும். பாலேயில டூட்டூன்னு விறைப்பா நிக்கிற பாவாடை பாத்திருப்ப, பத்து பன்னெண்டு அடுக்கு நெட் அது, மேல ரவிக்கை மாதிரி இருக்கிறது தனித் துண்டு. அதுக்குப் பின்னாடி ஹூக் மாட்டுற இடம் ரெண்டு மூணு வரிசை, உள்பக்கம் ஏற்கெனவே போட்டவங்க பேரு எழுதின சின்ன டேப். நான் முதல் நாள் அத உள்பக்கம் திருப்பிப் பாத்தப்ப எங்க ஆரணி கடைவீதி டெய்லர் அண்ணன் ஞாபகம் வந்து கண்ணு கலங்கிடுச்சு.

ஃபிட்டிங்ல ஒண்ணு கத்துகினேன், இத மறக்காத. ஒரு பாடகிக்கு இடுப்பு கச்சிதமா பிடிச்சு ஊசி குத்தினேன், கண்ணாடியில அவ்ளோ அழகு. பக்கத்துல இருந்த பெரியம்மா, டிரஸ்ஸ பாத்துக்கிற வார்ட்ரோப் பிரிவுல பல வருசம் இருந்தவங்க, "ஒரு வரி பாடச் சொல்லு"ன்னாங்க. பாடகி மூச்ச இழுத்தா, விலா ரெண்டு பக்கமும் விரிஞ்சது, ஊசி ரெண்டு பட்டுனு தெறிச்சு விழுந்துச்சு. அன்னையிலேருந்து பாட வைக்காம நான் அளவு முடிக்கிறதே இல்ல. டான்ஸ் ஆடுறவங்கன்னா கைய மேல தூக்கச் சொல்லு, அக்குள் பக்கம் துணி இழுத்தா தோள் பூரா கெட்டுப்போகும்.

மேடை பக்கம் போகணும்னா மாடல் பாக்ஸ், அதாவது மேடைய அப்படியே சின்னதா அட்டையில பண்றது, அத பழகு. இங்க 1:25 அளவு, அதாவது மேடையில 1 மீட்டர்னா மாடல்ல 4 சென்டிமீட்டர், ஒரு ஆளு ஏழு சென்டிமீட்டர் உசரம் வருவான். கார்டு, கத்தி, பசை, அவ்ளோதான் செலவு. முதல்ல வெள்ளை அட்டையிலயே பண்ணு, கலர் அப்புறம்.

கலர்னு வரும்போது நம்ம கூத்த நினைச்சுக்கோ. எங்க தாத்தா ஊரு புரிசை பக்கம், திரௌபதியம்மன் கோயில்ல பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கிரீடம், புஜக்கட்டையில கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கும், தூரத்துல பாய் போட்டு உக்காந்திருக்கிற கிழவிக்கும் ராசா தலைய திருப்பினது தெரியும். காவெண்ட் கார்டன்ல இருக்கிற ராயல் ஓபரா ஹவுஸ்ல 2,000 பேருக்கு மேல உக்காருறாங்க, உச்சி மாடிக் கடைசி வரிசைக்கும் டிரஸ் பேசணும். இன்டர்வியூல நான் இதத்தான் சொன்னேன், அவங்க நிமிந்து உக்காந்து கேட்டாங்க. படுகளத்துக்குத் தரையில மண்ணால படுக்க வைக்கிற துரியோதனனும் மேடை டிசைன்தான்மா, கூச்சப்படாம சொல்லு.

வெளியூர்க்காரின்னு தயங்காத. நிக்கோலஸ் ஜார்ஜியாடிஸ் ஏதென்ஸ்ல பொறந்து அங்க ஆர்க்கிடெக்சர் படிச்சவரு, லண்டன் வந்து ஸ்லேட்ங்கிற ஆர்ட் ஸ்கூல்ல சேந்தாரு. டான்ஸ் அமைக்கிற மேக்மில்லன் 1965ல போட்ட ரோமியோ ஜூலியட் பாலேக்கு டிசைன் அவருதுதான், ராயல் பாலே இன்னமும் அத ஆடுது.

பாக்கறதுக்கு காசு வேணாம். ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம் வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்னு மியூசியத்தோட கிடங்கு ஒண்ண 2025ல தொறந்தாங்க, உள்ள போக ஃப்ரீ. முன்கூட்டியே பதிவு பண்ணா, நீ கேக்குற பழைய மேடை டிரஸ்ஸ எடுத்து வச்சு கிட்டக்க காட்டுவாங்க. ஈஸ்ட் ஹாம்ல இருந்தா அரை நாள் போதும், ஒரு நோட்டு எடுத்துகினு போ.

விசா, காசு விஷயம். டிபெண்டன்ட் விசாவுல வேலையும் பாக்கலாம், ஃப்ரீலான்ஸும் பண்ணலாம், உனக்கு இது பெரிய வசதி. ஸ்டூடன்ட் விசாவுல இருக்கிறவங்க ஃப்ரீலான்ஸ் பண்ணவே கூடாது, யாராச்சும் "கையில காசு தர்றேன்"னு சொன்னா கூட வேணாம், விசா போயிடும். வருசத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல ஃப்ரீலான்ஸ்ல வந்தா வரி ஆபீஸ்ல பதிவு பண்ணணும், வரி வருசம் ஏப்ரல் 5ல முடியும், அதுக்கப்புறம் வர்ற அக்டோபர் 5 கடைசி நாள். டிசைன் ஃபீஸ் பெரும்பாலும் மூணு தவணையா வரும். எனக்கு ஒரு சின்ன கம்பெனி கடைசித் தவணைய ஏழு மாசம் இழுத்தடிச்சாங்க, வாய்ப்பேச்ச நம்பி வேலைய ஆரம்பிச்சிட்டேன், ரெண்டு மாச வாடகைக்கு அம்மா அனுப்பினாங்க. எழுத்துல வாங்காம பென்சில் எடுக்காத.

இன்னொண்ணு மனசுல பட்டத சொல்றேன். 1877ல வந்த லா பயாடேர் பாலேயில கோயில்ல ஆடுற நம்ம ஊர்ப் பொண்ணுதான் கதாநாயகி, பிசே இசையமைச்ச முத்துக்குளிப்போர் ஓபரா இலங்கையில நடக்குது. ரெண்டையும் பண்ணவங்க நம்ம ஊர்ப் பக்கம் வந்து பாத்துப் பண்ணல. இந்த மாதிரி கதை வந்தா உன்னத் தேடுவாங்க, தாராளமா போ, புடவை எப்படி உடம்புல நிக்குதுன்னு கட்டியே காட்டு. ஆனா இந்தியக் கதைக்கு மட்டும்தான் இந்தப் பொண்ணுன்னு ஒதுக்க விட்டுடாத, அதே மாசம் ஒரு இத்தாலிக் கதைக்கும் வரைஞ்சு காட்டு.

தங்கச்சி திரும்பக் கேட்டது: "போர்ட்ஃபோலியோவுல பிளவுஸ் போட்டோ போட்டா மதிப்பாங்களாக்கா? எல்லாம் கல்யாண பிளவுஸ்தான்."

போடும்மா. வெளிப்பக்கம் ஆரி வேலை ஒரே ஒரு போட்டோ போதும். அப்புறம் பிளவுஸ உள்பக்கம் திருப்பிப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்துல, ஹூக் பட்டியும் விட்டு வச்ச துணியும் தெரியிற மாதிரி கிட்டக்க எடு. தையல் ரூம் ஆளுங்க முதல்ல அதத்தான் பாப்பாங்க. இந்த வாரக் கடைசிக்குள்ள எடுத்து எனக்கு அனுப்பு, எத முதல்ல வைக்கணும்னு பாத்து சொல்றேன்.