பொன்னியின் செல்வன் 2 பார்த்துவிட்டு வந்த அன்று யாரோடு சண்டை? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

வீராணத்துக்காரி:
படம் வெளியான வாரத்து ஞாயிறு. 2023 ஏப்ரல் 30, மாலைக் காட்சி. அம்மாவைக் கூட்டிப் போனேன். எங்கள் வீட்டில் இருக்கும் கல்கியின் பொன்னியின் செல்வன் நாவல், கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. தொடராக வந்தபோது பாட்டி வாராவாரம் கல்கி பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்துத் தைத்த பைண்டு, ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு. அம்மா அதிலேதான் படித்தார்.

படம் முடிந்து விளக்கைப் போட்டாயிற்று. அம்மா எழுந்திருக்கவில்லை. பெருக்குகிற பையன் எங்கள் வரிசைக்கே வந்துவிட்டான், காலடியெல்லாம் பாப்கார்ன். அவன் பெருக்க வசதியாக அம்மா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டார். தூக்கின கால் தூக்கினபடி இருக்க, "மணிமேகலை வரவே இல்லையேடி" என்றார்.

"அஞ்சு பாகத்த அஞ்சரை மணி நேரத்துல எடுக்கணும்னா யாரையாவது விட்டுத்தாம்மா ஆகணும்" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை. நாவலின் கடைசிக் காட்சியே, கதாநாயகன் வந்தியத்தேவன் மடியில், அவனை ஒருதலையாகக் காதலித்த கடம்பூர்ப் பெண் மணிமேகலை உயிர் விடுவதுதான் என்று உங்களுக்குத் தெரியும். பதினாலு வயதில் அதைப் படித்துவிட்டு அன்றிரவு அம்மா சாப்பிடவில்லையாம். இதைப் பாட்டி எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார். தெரிந்திருந்தும் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டேன்.

இடைவேளை:
நான் நாவல் படித்ததில்லை. எனக்குப் படம்தான் கதை. கடம்பூர் மாளிகையில் சோழ இளவரசன் கரிகாலனும் அவனுடைய பழைய காதலி நந்தினியும் நேருக்கு நேர் நிற்கிற காட்சி. அவள் கையில் கத்தி, அவளால் முடியவில்லை, அவனே அந்தக் கையைப் பிடித்துத் தனக்குள் இறக்கிக்கொள்கிறான். தியேட்டரில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

மறுநாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரில் எங்கள் பிரிவின் மூத்தவர். பாதித் தயிர்சாதம் அப்படியே இருக்க டிபன் பாக்ஸை மூடினார். "கொன்னது யாருன்னு கல்கியே சொல்லல. இவங்க யாரு சொல்றதுக்கு?" எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூடியில் அவர் கை வைத்து அழுத்தினது இன்னும் கண்ணில் நிற்கிறது. நாவல் படிக்காதவன் ஒரு காட்சியை ரசிக்கக் கூடாதா?

முதலில் எழுதியவருக்கு: உங்கள் அம்மாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் மணிமேகலை என்று ஒருத்தி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு எதுவும் குறையவில்லை.

கல்லெழுத்து:
இடைவேளை, உங்கள் மூத்தவர் சொன்னது பாதிதான் சரி. நாவலில் கொலைப்பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை, தான்தான் கொன்றதாகச் சொல்கிறாள். நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர், தான் எறிந்த கத்திதான் என்கிறார். பக்கத்தில், கொல்லப்பட்ட பாண்டியனுக்காகப் பழிவாங்கக் காத்திருக்கும் பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் வேறு. இத்தனை பேரைக் காட்டிவிட்டு நம்மிடம் விட்டுவிடுகிறார் கல்கி. ஒன்றுமே சொல்லாமல் விடுவது வேறு, இது வேறு. அந்தக் காட்சி எனக்கும் பிடித்தது. ஆனால் இத்தனை கைகள் இருந்த இடத்தில் ஒரே கை ஆகிவிட்டதே என்ற வருத்தமும் இருக்கிறது.

என் அனுபவம் சின்னது. படம் பார்த்த இரண்டாவது வாரம் காட்டுமன்னார்கோயில் பக்கம் வேலை. உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். கரிகாலன் கொலையைப் பற்றிச் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதைத் தேடி என் மாதிரியே நாலைந்து கல்லூரிப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கொன்றது நந்தினியா, ஆபத்துதவிகளின் தலைவன் ரவிதாசனா என்று அங்கேயே வாக்குவாதம். ஊர்ப் பெரியவர் ஒருவர் குறுக்கே பேசவில்லை. ஒரு பிள்ளையின் செல்போனை வாங்கி, டார்ச்சைப் போட்டு, சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்தார். அதுவரை வெறும் கீறலாக இருந்த இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று விரல் வைத்துக் காட்டினார். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி, அவர்களுடைய சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிக்கச் சொல்லும் ராஜராஜன் காலத்து ஆணை அது. பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. நானும்தான்.

நாலாம் வாசிப்பு:
என் மகன் படம் பார்த்த சூட்டில் புத்தகம் கேட்டான், கொடுத்தேன். நாற்பது பக்கத்தில் வைத்துவிட்டான். "முடிவு தெரிஞ்சுடுச்சேப்பா" என்றான். அவ்வளவுதான்.

படம் பார்த்துவிட்டுப் படிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. நாவல் ஆடிப்பெருக்கன்று வீர நாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. வந்தியத்தேவன் குதிரை மேல் உட்கார்ந்து ஏரியின் கணவாய்களை, அதாவது தண்ணீர் வெளியேறும் மதகுகளை, எண்ணிக்கொண்டே போகிறான், 74 கணவாய். போர் எப்போது வரும் என்று அங்கே தேடாதீர்கள். அவனோடு சேர்ந்து நீங்களும் எண்ணுங்கள். அந்த ஏரி மனசுக்குள் வந்துவிட்டால் மீதி தானாக வரும். அப்புறம், ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும். இது வாரத்துக்கு வாரம் காத்திருந்து படிக்க எழுதிய கதை. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வரியிலும் ஒரு கொக்கி இருக்கும். அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டுப் படுங்கள். பக்கத்தில் ஒரு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள்: கடம்பூர், பழையாறை, தஞ்சை, கோடிக்கரை. யார் எந்த ஊரிலிருந்து எங்கே போகிறார் என்று பென்சிலால் கோடு போடுங்கள். வைணவ பக்தன் ஆழ்வார்க்கடியான் பாசுரம் பாடுகிற இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். நடிகர் முகம் வருவதைத் தடுக்க முடியாது, வரட்டும். மூன்றாம் பாகத்துக்குள் அது மாறிவிடும். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவதானால் கோடிக்கரை கலங்கரை விளக்கம் வரும் பகுதியிலிருந்து தொடங்கலாம், தப்பில்லை. என் மகனிடம் அடுத்து அதைத்தான் செய்யப் போகிறேன்.

பூங்குழலியின் படகு:
எல்லாரும் கரிகாலனையே பேசுகிறீர்கள். எனக்கு ஆறாதது சேந்தன் அமுதன். பூமாலை கட்டிக்கொண்டு கோயிலே கதி என்று இருந்தவன்தான் உண்மையான இளவரசன் மதுராந்தகன், சோழ அரசி செம்பியன் மாதேவியின் பிள்ளை என்று தெரிய வந்து, அவன் தலையில் கரிகாலனின் தம்பி அருள்மொழி கிரீடத்தை வைக்கிற இடத்துக்காகத்தான் ஐந்தாம் பாகத்துக்கே தியாகச் சிகரம் என்று பெயர். படத்தில், பதவிக்குச் சதி செய்த அதே மதுராந்தகனுக்கு முடி போகிறது. நாவலில் அமுதனை மணந்து ராணியாகிற படகுக்காரி பூங்குழலி, படத்தில் ராணியாகவும் இல்லை.

என் மாமாவிடம் போனில் இதைச் சொல்லி அழுதேவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். திட்டுவார் என்று நினைத்தேன். "இரு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார், பக்கம் புரள்கிற சத்தம் கேட்டது. கடைசியில் கல்கி எழுதிய முடிவுரையைப் போனிலேயே படித்துக் காட்டினார். 1954இல் தொடர் முடிந்தபோதும் கதையைத் திடீரென்று முடித்துவிட்டீர்கள், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் முடிவுரை. மூன்றரை வருஷம் வாராவாரம் படித்தவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்?

இடைவேளை, உங்களுக்குக் குறையாதது குறையாததாகவே இருக்கட்டும். எங்களுக்குக் குறைந்ததைச் சொல்ல விடுங்கள்.

இடைவேளை:
சரி. சேந்தன் அமுதன் விஷயம் எனக்குத் தெரியாது. முதல் பாகம் வாங்கிவிட்டேன். மூத்தவரிடமே எந்தப் பதிப்பு நல்லது என்று கேட்டேன். காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

வீராணத்துக்காரி:
முடிவுரை என்று ஒன்று இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. பாட்டியின் பைண்டு மணிமேகலை இறக்கிற பக்கத்தோடு முடிகிறது. அதற்கப்புறம் அட்டைதான். நேற்றிரவு இணையத்தில் தேடி எடுத்துப் படித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கேட்பதற்குக் கண்ணாடி எதற்கு என்று தெரியவில்லை, பைண்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அதை அச்சு எடுத்துக் குடு, இதுல ஒட்டி வைக்கணும்" என்றார். நாளைக்குப் பசை வாங்க வேண்டும்.