புது பேண்டம் பெட்டைங்கள பழைய கோழிங்க சேர்த்துக்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

கேள்வி (காட்பாடி)

வீட்டுக்குப் பின்னாடி கொய்யா மரத்தடியில நாலு நாட்டுப்பெட்டை வளர்க்கறோம். பெருவிடைக் கலப்பு, நல்ல உடம்பு. சேவல் இல்ல. அதுங்களோட இருக்கட்டும்னு ரெண்டு பேண்டம் (குட்டை இனம்) பெட்டை வாங்கினோம். முட்டைக்கு வர்ற வயசு. கையில தூக்கினா ஒவ்வொண்ணும் முக்கால் கிலோ கூட தேறாது.

வந்த உடனே கூட்டத்துல விடல. ஒரு மாசம் மொட்டைமாடியில தனிக்கூண்டு, தனித் தண்ணி, தனித் தட்டு. சளி, கழிச்சல் எதுவும் வரல, நல்லா தின்னுதுங்க. இப்ப கீழ இறக்கினதுலருந்துதான் தொல்லை.

காலையில கம்பு தூவறப்ப சேர்த்து விட்டேன். கூட்டத்துக்குத் தலைவி செவலை. அவ வந்து ஒரு கொத்து கொத்திட்டு தன் தீனியப் பார்க்கப் போயிட்டா. ஆனா சாம்பல்னு ஒருத்தி இருக்கா, மத்த மூணு பேர்கிட்டயும் தினம் கொத்து வாங்கறவ. அவதான் விடாம துரத்தறா. துணி துவைக்கற கல்லுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. அங்க கொண்டுபோய் மடக்கி, மேல ஏறி நின்னு கழுத்து இறகைப் புடுங்கறா. கறுப்பு பேண்டத்துக்குக் கொண்டையில ரத்தம் வந்துடுச்சு. அப்பறம் ரெண்டும் கல்லு மேல ஏறினதுதான், சாயந்தரம் வரைக்கும் கீழ இறங்கல.

ராத்திரி இருட்டுல கூண்டுக்குள்ள வச்சுட்டா விடியறதுக்குள்ள பழகிடும்னு மாமியார் சொல்றாங்க. செய்யலாமா? இல்ல, பேண்டத்தை நிரந்தரமா தனியாவே வச்சுடணுமா? வெயில் ஏறிகிட்டே போகுது, இனிமே மாடியில வைக்க முடியாது.

பதில் (குடியாத்தம்)

அக்கா, மத்ததெல்லாம் அப்பறம். ரத்தம் வந்த கோழிய இப்பவே எடுத்துடுங்க. செவப்பு கண்ணுல பட்டா போதும், இதுவரைக்கும் சும்மா இருந்த கோழி கூட வந்து அங்கியே கொத்தும். ஒண்ணு ஆரம்பிச்சா எல்லாம் சேர்ந்துக்கும், உசுரு போற வரைக்கும் வுடாது. மஞ்சத்தூள வேப்பெண்ணெயில குழைச்சு தடவுங்க. காயமும் ஆறும், செவப்பும் மறையும். பொருக்கு தானா உதிர்ற வரைக்கும் கூட்டத்துல வுடாதீங்க.

எடுக்கறப்ப ரெண்டு பேண்டத்தையும் சேர்த்தே எடுங்க. காயம் பட்டத மட்டும் பிரிச்சு வச்சா, திரும்பிப் போறப்ப அது ஒண்டியா மாட்டிக்கும். ஜோடியா இருந்தா அடி பாதிப் பாதியா போயிடும்.

பதில் (ராணிப்பேட்டை)

ஒரு மாசம் தனியா வச்சது ரொம்ப நல்ல வேலைங்க. நிறைய பேர் சந்தையில வாங்கின கோழிய அன்னிக்கே கூட்டத்துல விட்டுட்டு, அடுத்த வாரம் மொத்தக் கூட்டத்தையும் பறிகொடுக்கறாங்க.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், ஆறுக்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாச்சா? புதுசும் பழசும் சேர்ற நேரத்துல கோழிங்களுக்கு அலைச்சல், பயம், தீனிக் குறைவு எல்லாம் சேர்ந்து வரும். நோய் எதிர்ப்பு குறையற நேரம் அதுதான். எட்டு வாரம் தாண்டின கோழிக்குப் போடற ஊசி அரசு கால்நடை மருந்தகத்துல கிடைக்கும். நம்ம ராணிப்பேட்டையில 1932ல ஆரம்பிச்ச கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்துலயே இந்த மருந்து தயாராகுது. போட்டா ஆறுக்கும் ஒரே நாள்ல போடுங்க. ஒரு வாரம் முன்னாடி குடற்புழு மருந்து குடுத்துட்டீங்கன்னா இன்னும் நல்லது. ஊசி போட்டு ரெண்டு வாரம் கழிச்சு சேருங்க, அதுக்குள்ள காயமும் ஆறிடும்.

அப்படியே வால் அடியில இறகை விலக்கிப் பாருங்க. இறகு அடித்தண்டுல வெள்ளையா பொட்டுப் பொட்டா ஒட்டிகிட்டு இருந்தா அது பேன் முட்டை. மணல்ல அடுப்புச் சாம்பல் கலந்து ஒரு பழைய டயர்ல போட்டு வைங்க, அதுங்களே புரண்டுக்கும்.

பதில் (அணைக்கட்டு)

கண்ணு, நான் சின்ன வயசுலருந்து கோழியோடவே இருக்கறவ. நீ சொல்றதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. செவலைக்குத் தன் இடம் போயிடும்ங்கற பயம் கிடையாது, அதான் ஒரு கொத்தோட விட்டுட்டா. சாம்பலுக்குத்தான் அவசரம். இத்தன நாளா அவதான் கடைசி. இப்பதான் அவளுக்குக் கீழ ரெண்டு பேர் வந்திருக்காங்க, அத நிலைநாட்டிக்காம விடமாட்டா. எங்க வீட்டுலயும் புதுக்கோழிய அதிகமா படுத்தறது எப்பவும் கடைசியில இருக்கறதுதான்.

கோழி கவுக்கற மூங்கில் கூடை பெருசா ஒண்ணு வாங்கு. பழைய கோழிங்க மேயற இடத்துலயே, நிழல்ல, பேண்டம் ரெண்டையும் அதுல கவுத்து வை. உள்ள தண்ணி வை. தீனிய கூடை விளிம்புல, உள்பக்கம் கொஞ்சம் வெளிப்பக்கம் கொஞ்சம் தூவு. உள்ள இருக்கறதும் வெளிய இருக்கறதும் தலையோட தலை வச்சு தின்னும். முதல் நாள் வெளிய இருக்கறது கூடையக் கொத்தும், மூங்கில் மேல ஏறும், சத்தம் போடும். பத்து நாள்ல திரும்பிக்கூட பார்க்காது. அதுதான் உனக்கு அடையாளம்.

பேண்டம் சின்னது, மூங்கில் இடுக்குல தலைய நீட்டிடும். நீட்டின தலையத்தான் சாம்பல் புடிப்பா. அதனால கூடைக்கு அடியில ஒரு முழம் உயரத்துக்கு சின்னக் கண்ணு கம்பி வலை சுத்திக் கட்டு. மத்தியானம் நிழல் நகர்ந்துடும், கூடைய நகர்த்த மறக்காத. நம்ம ஊர் சித்திரை வெயில்ல கவுத்த கூடைக்குள்ள கோழி ஒரு மணி நேரம் தாங்காது. ராத்திரிக்குத் தூக்கி உள்ள வச்சிடு, கீரி, பூனை விடாது.

அப்பறம் அந்த துவைக்கற கல்லு சந்து. அத செங்கல் வச்சு அடைச்சுடு. கோழிக்கு ஓட வழி இருந்தா ரெண்டு கொத்தோட சண்டை முடியும். முட்டுச்சந்துல மாட்டினாத்தான் ரத்தம்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றிங்க அம்மா, சந்த இன்னிக்கே அடைச்சுடறேன். அப்ப ராத்திரியில வைக்கறது வேணாமா?

பதில் (சத்துவாச்சாரி)

உங்க மாமியார் சொல்றதும் தப்பில்ல மேடம், ஆனா அது மட்டும் போதாது. இருட்டுல கோழிக்குக் கண்ணு சரியா தெரியாது, பக்கத்துல யார் வந்து உட்கார்ந்தாலும் சண்டைக்குப் போகாது. பிரச்சினை விடியறப்ப வரும். மூடின கூண்டுக்குள்ள பசியோட ஆறும் முழிச்சுக்கும், சின்னதுக்கு ஓட இடம் இருக்காது. கூடையில பழகினப்பறம் ராத்திரியில வைங்க, விடியற முன்னாடியே எழுந்து கதவைத் திறந்து விடுங்க. அந்த ரெண்டையும் செய்ய முடியாதுன்னா வேணாம்.

நான் செய்யறது சாயந்தரம். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கறப்ப, பழசுங்க வயிறு நிறைஞ்சு இருக்கும்போது சேர்த்து விடுவேன். கொஞ்ச நேரம் மோதிக்கும், அதுக்குள்ள அடையற நேரம் வந்துடும். அந்த நேரத்த தினம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிகிட்டே போகணும். சாம்பல அந்த முதல் நாலஞ்சு நாள் நீங்க கூடையில போட்டுடுங்க. அவ வெளிய வர்றப்ப பேண்டத்துக்கு இடம் பழகியிருக்கும்.

தீனித் தட்டு மூணு இடத்துல, தண்ணி ரெண்டு இடத்துல வைங்க. ஒண்ண பார்த்தா இன்னொண்ணு தெரியாத மாதிரி இருக்கணும். பேண்டத்துக்குன்னே ஒரு புகலிடமும் பண்ணிக் குடுங்க: பழைய தக்காளிப் பெட்டிய கவுத்து, ரெண்டு பக்கமும் பேண்டம் மட்டும் நுழையற அளவுக்கு வாசல் வெட்டணும். வாசல் ரெண்டு இருக்கறது முக்கியம். உள்ள கொஞ்சம் நொய் போட்டு வச்சா, பெருசுங்க வெளிய நின்னு பார்க்கும், சின்னதுங்க நிம்மதியா தின்னும்.

தின்னுதா இல்லையான்னு கண்ணால கணக்குப் போடாதீங்க. அடைஞ்சப்பறம் கையில எடுத்து நெஞ்சுக்கு மேல, வலது பக்கமா இரைப்பையத் தொட்டுப் பாருங்க. தின்ன கோழிக்கு அங்க கெட்டியா உருண்டையா இருக்கும். ரெண்டு நாள் தொடர்ந்து காலியா இருந்தா சேர்க்கறத நிறுத்திட்டு மறுபடி கூடை.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. காயம் நல்லா ஆறிடுச்சு, ஊசியும் ஆறுக்கும் போட்டாச்சு. அதுக்கப்பறம் கூடை, பெட்டி எல்லாம் சொன்ன மாதிரியே செஞ்சோம். சாம்பல உள்ள போட்டதும் மத்த மூணும் பேண்டத்த கண்டுக்கவே இல்ல. அவள வெளிய விட்டப்ப கறுப்பு பேண்டம் பெட்டிக்குள்ள ஓடிடுச்சு. இவ தலைய மட்டும் உள்ள விட்டுப் பார்த்துட்டு, உடம்பு நுழையாம திரும்பிட்டா. இப்பவும் தீனி நேரத்துல ஒரு கொத்து விழுது, ஆனா துரத்தல் இல்ல. இரைப்பை ராத்திரி நிறைஞ்சு இருக்கு. முட்டை மட்டும் நின்னு போச்சு, பழைய கோழிங்களும் ரெண்டு விடல.

இப்ப புதுசா ஒரு கவலை. பேண்டம் ரெண்டும் சுவர் மேல பறந்து ஏறுது. அந்தப் பக்கம் தெரு நாய். இறக்கைய வெட்டிடலாமா?

பதில் (அணைக்கட்டு)

முட்டை தானா வரும், அதுக்கு மருந்து எதுவும் குடுக்காத. இறக்கைய இப்ப வெட்டாத கண்ணு. சாம்பல்கிட்டருந்து தப்பிக்க அதுக்கு இருக்கறது அந்தப் பறப்புதான். சுவர் மேல வலை கட்டு. கொத்து அடங்கினப்பறம் வேணும்னா ஒரு பக்க இறக்கையில மட்டும் நீளமான ஓர இறகுங்கள பாதிக்கு வெட்டு. ரெண்டு பக்கமும் வெட்டினா சமமா பறந்துடும். வெளிச்சத்துல விரிச்சுப் பாரு, தண்டு கருஞ்செவப்பா இருந்தா வளர்ற இறகு, உள்ள ரத்தம் ஓடும், அதத் தொடாத.

கூண்டுக்குள்ள அடையற கட்டைய ரெண்டு உயரத்துல போட்டியா? மேல் கட்டைய சின்னதுங்க புடிச்சுக்கட்டும்.