6 மாதக் குழந்தைக்கு முட்டை, கச்சான் (வேர்க்கடலை) கொடுக்கலாமா?

செந்தூல்_அம்மா: மகளுக்கு 6 மாதம் ஆகப் போகுது. முட்டை, கச்சான் எல்லாம் ஒரு வயசுக்கு மேலதான்னு மாமியார் சொல்றாங்க. கிளினிக்ல தள்ளிப்போட வேணாம்னாங்க. முழங்கை மடிப்புல லேசா எக்ஸிமா (அரிப்போட வர்ற தோல் அழற்சி) இருக்கு. எதை எவ்வளவு கொடுக்கிறது?

பினாங்கு_சமையல்கட்டு: கிளினிக்ல சொன்னதுதான் சரிங்க. மாமியாரையும் குறை சொல்ல முடியாது, 2000 வாக்குல டாக்டர்களே அப்படித்தான் சொன்னாங்க. 2015-ல வெளிவந்த லண்டன் லீப் ஆய்வு அதைப் புரட்டிப் போட்டுச்சு: சின்னதிலேயே கச்சான் சாப்பிட்ட பிள்ளைங்களுக்கு 5 வயசுல கச்சான் அலர்ஜி ஏறக்குறைய 80% குறைவு.

முதல்ல கெட்டியான கஞ்சியில மசிச்ச கோழி ஈரல், பருப்பு, இரும்புச்சத்து முக்கியம். பிறகு முட்டை. 10 நிமிஷம் வேகவெச்சு, வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து மசிச்சு கால் டீஸ்பூன். கோப்பித்தியாம் (காப்பிக்கடை) அரைவேக்காட்டு முட்டை கூடவே கூடாது.

கச்சானுக்கு, கட்டியில்லாத, சீனி சேர்க்காத பீனட் பட்டர் 2 டீஸ்பூனை அதே அளவு வெந்நீர்ல கரைச்சு ஆறவிடுங்க. அப்படியே கொடுத்தா தொண்டையில ஒட்டும். முழுக் கச்சானும் ஆபத்து. ஸ்பூன் நுனியில தொட்டுக் கொடுத்து 10 நிமிஷம் பாருங்க, ஒன்னுமில்லன்னா மீதியை மெதுவா. காலையில, காய்ச்சல் சளி இல்லாத நாளா பார்த்துக் கொடுங்க. 2 மணி நேரம் கண்ணு பிள்ளை மேலேயே இருக்கணும்.

பலர் கோட்டை விடுறது இதுக்கப்புறம்தான்: ஒரு தடவை கொடுத்துட்டு நிறுத்திடுறாங்க. வாரத்துக்கு 2, 3 தடவை தொடர்ந்தாதான் பலன்.

கிள்ளான்_சாலை: லேசான எக்ஸிமான்னா வீட்டிலேயே தொடங்கலாம். கடுமையா இருந்தாலோ, முட்டை ஏற்கெனவே ஒத்துக்கலைன்னாலோ முதல்ல டாக்டர். தோல்ல தடவிப் பார்க்காதீங்க, வெடிச்ச தோல் வழியா அலர்ஜி உருவாகலாம்.

தக்காளி, ஆரஞ்சு பட்டு வாயைச் சுத்தி சிவந்தா பெரும்பாலும் வெறும் எரிச்சல்தான். தடிப்பு, உதட்டு வீக்கம், உடனே வாந்தின்னா அலர்ஜியா இருக்கலாம். நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. மூச்சு இழுத்தாலோ, துவண்டாலோ உடனே 999-க்கு (மலேசிய அவசர எண்) கூப்பிடுங்க. 1 முதல் 4 மணி நேரம் கழிச்சு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து வெளுத்துப் போனா அது வேற வகை அலர்ஜி, அதுக்கு அரிசிகூட காரணமா இருக்கும். தோல் பரிசோதனையில பெரும்பாலும் தெரியாது. அதனால என்ன சாப்பாடு, எத்தனை மணின்னு எழுதி வைங்க.

செந்தூல்_அம்மா: நன்றி. பசும்பால்? எங்க வீட்ல பாதிப் பேருக்கு பால் ஒத்துக்காது.

பினாங்கு_சமையல்கட்டு: அது லாக்டோஸ் (பால்ல இருக்கிற சர்க்கரை) செரிக்காத சமாச்சாரம், பெரும்பாலும் வளர்ந்த பிறகு வர்றது. கைக்குழந்தைக்கு அபூர்வம். தயிர் இப்பவே கொடுக்கலாம். ஆனா தாய்ப்பாலுக்குப் பதிலா பசும்பால் குடிக்கக் கொடுக்கிறது 1 வயசுக்கு முன்னாடி வேணாம். தேனும் அப்படித்தான். பிறந்தப்ப எடுத்த ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கிற நொதி) ரிசல்ட்டையும் பாருங்க, குறைபாடுன்னா காச்சாங் பாராங் (ஃபாவா பீன்ஸ்) தொடவே கூடாது.